பிள்ளைகளின் பின்னேரத்தைத் திருப்பிக் கொடுங்கோ

பின்னேரம் ஐந்து மணிக்கு எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்குப் பக்கத்து வெளியில் இப்போது மாடுதான் மேய்கிறது. வலை கட்டுகிற கம்பங்கள் துருப்பிடித்து நிற்கின்றன. பிள்ளைகள் எல்லாம் ரியூசன் கொட்டிலில். வாங்கில் நெருக்கியடித்துக்கொண்டு, வியர்வை வழிய, காலையில் பள்ளிக்கூடத்தில் படித்த அதே பாடத்தைத் திரும்பவும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பார்க்க வயிறு எரிகிறது. ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை சீருடையைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே நாலு வாய் சோறு அள்ளிப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுக்கிறது. ஒரு வகுப்பு முடிய இன்னொன்று. இருட்டின பிறகுதான் வீடு. சனி ஞாயிறு என்றால் விடியவே தொடங்கிவிடும். பத்து வயதில் புலமைப்பரிசில் சோதினை, பிறகு ஓ.எல்., பிறகு பல்கலைக்கழகம் போக ஏ.எல். கேட்டால், "விளையாட்டெல்லாம் கம்பஸ் கிடைச்ச பிறகு பாக்கலாம்" என்கிறார்கள். இருபது வயதில் ஆரோடு போய்க் கிளித்தட்டு மறிக்கிறது?

போன மாரிக்குப் பக்கத்து வீட்டுப் பெடியன் ஒரு கொக்குப் பட்டம் கட்டினான். மூங்கிலைச் சீவி, இரண்டு பக்கப் பாரமும் சரியா என்று விரலில் வைத்துப் பார்த்து, நூல் தொடுக்கிற முச்சை பிழைக்கப் பிழைக்க அவிழ்த்துக் கட்டி, காற்றில் கூவுகிற விண்ணும் பூட்டினான். புத்தகத்துக்கு முன்னால் அவன் அவ்வளவு பொறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. ஏற்ற முதலே தாய் அதை வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். சோதினை முடியட்டுமாம். வாடைக்காற்று சோதினை முடியும்வரை காத்துக்கொண்டு நிற்குமா? அதே குடும்பம்தான் தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக்குப் போய்ப் பட்டத் திருவிழா பார்த்து, "எங்கட பெடியளின்ர மூளையைப் பாருங்கோ" என்று போனில் படம் எடுத்துப் போட்டது. அந்த மூளை ரியூசன் கொட்டிலில் முளைத்ததில்லை. பின்னேரங்களில், ஒழுங்கையில், அண்ணன்மார் கட்டுவதைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்து வந்தது.

இது செல்லம் கொடுக்கிற கதை இல்லை. ஐந்து வயது முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளை சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. வெளியில் வெளிச்சம் படாமல் வளருகிற பிள்ளைகளுக்குத்தான் கிட்டப்பார்வை கூடுதலாக வருகிறது. 1989இல் ஐ.நா. கொண்டுவந்த சிறுவர் உரிமைச் சாசனத்தின் 31ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமை என்கிறது. இலங்கை அதை ஏற்றுக்கொண்டது 1991இல். பிறகு ஏன் பந்தோடு நிற்கிற பிள்ளையைக் கள்ளனைப் பிடித்த மாதிரிக் காதில் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறீர்கள்? உடம்பை விடுங்கோ, மனம் என்ன ஆகும்? தோற்றுப்போய், சண்டை பிடித்து, அடுத்த நாளே திரும்பச் சேர்ந்து விளையாடிப் பழகாத பிள்ளைக்கு முதல் தோல்வியே சோதினைப் பெறுபேறாக வந்தால், அது அதை எப்படித் தாங்கும்?

"நாங்கள் சண்டைக்குள்ள ஜாம் போத்தல் விளக்கில படிச்சு வந்தனாங்கள்" என்பார்கள் பெரியவர்கள். ஓம், படித்தீர்கள். அதற்குத் தலை வணங்குகிறேன். ஆனால் அந்தக் காலத்திலும் நீங்கள் விளையாடினீர்கள். ஷெல் ஓய்ந்த பின்னேரங்களில் ஒழுங்கையில் தாச்சி மறித்ததையும், இடம்பெயர்ந்து இருந்த இடத்தில் முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டம் அடித்ததையும் என் மாமா இன்றைக்கும் முகம் மலரச் சொல்லுவார். அந்த விளையாட்டு இல்லாவிட்டால் விசர் பிடித்திருக்கும் என்பார். சண்டைக்குள்ளேயே கிடைத்த பின்னேரம் இப்போது ஏன் இல்லை?

பெட்டைப் பிள்ளைகளின் நிலைமை இன்னும் மோசம். பெடியனாவது வகுப்பைக் கட் பண்ணிவிட்டு எங்கேயாவது கிரிக்கெட் அடிப்பான். பெட்டை வயசுக்கு வந்த நாளோடு வெளியில் விளையாடுவது முடிந்துவிடும். நெட்போல் நன்றாக விளையாடுகிற ஒரு பிள்ளையை, "கறுத்துப் போவாய், ஊர் என்ன கதைக்கும்" என்று நிற்பாட்டினதை நான் கண்ணால் கண்டேன். அவளுக்குச் சைக்கிள் இருக்கிறது, ரியூசனுக்கு மட்டும். அந்த வெளி ஊருக்குப் பொது என்றுதானே சொல்கிறீர்கள்? அப்படியென்றால் அவளையும் அங்கே விடுங்கோ. ரியூசன் நடத்துகிறவர்களும் நாலரையோடு கதவைப் பூட்டுங்கோ.