மாடி ஆன்டெனாவில் எல்லா சேனலும் வராது

"மாடியில் ஆன்டெனா மாட்டினால் தமிழ் சேனல் எல்லாம் இலவசம், டிஷ் வீண் செலவு" என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது தவறு. அமெரிக்காவில் உள்ளூர் நிலையங்கள் சொந்தக் கோபுரத்திலிருந்து ஒளிபரப்புவதால் அங்கே ஆன்டெனா போதும். இந்தியாவில் தரைவழி ஒளிபரப்பு தூர்தர்ஷனுக்கு மட்டும்தான். சன் டிவி தொடக்கத்திலிருந்தே செயற்கைக்கோள் சேனல். தூர்தர்ஷனும் தன் அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை ஏறக்குறைய முழுவதுமாக 2022 வாக்கில் நிறுத்திவிட்டது. பழைய மீன்முள் ஆன்டெனாவை நம்பி யாரும் காசைக் கொட்ட வேண்டாம், பாவம்.

சரி, மாதச் சந்தா கட்ட முடியாதவர்களுக்கு? தூர்தர்ஷன் தரப்பின் இலவச செயற்கைக்கோள் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. டிஷ், செட்டாப் பாக்ஸ் வாங்கும் செலவோடு முடிந்தது. பொதிகையாக இருந்த டிடி தமிழ் அதில் வரும். டிஷ் ஜிசாட்-15 செயற்கைக்கோள் பக்கம், நம் ஊரில் தென்கிழக்கே பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் தென்னை மறைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்டணச் சேனல்களுக்குக் கேபிளோ கட்டண டிடிஎச்சோ எடுக்கத்தான் வேண்டும்.