மீதி ஏழு?

கார்த்தி (போனில்): ஒன்பது மணிக்குள் மார்க் போட்டாகணும்டா. பத்துக்கு எட்டு என்று முடிவு பண்ணிவிட்டேன். சரி, வை.

பெரியப்பா: உனக்கும் வேல்யூவேஷன் டியூட்டி போட்டுவிட்டார்களா? சொல்லவே இல்லையே. எத்தனை பேப்பர்?

கார்த்தி: ஒன்றுதான் பெரியப்பா.

பெரியப்பா: ஒன்றா! எங்களுக்கெல்லாம் கட்டுக் கட்டாக வரும். எத்தனை கேள்வி?

கார்த்தி: மொத்தம் பத்து. மூன்று முடித்திருக்கிறேன்.

பெரியப்பா: மீதி ஏழு?

கார்த்தி: அதுவும் இதே மாதிரிதான் இருக்கும். ஒரு பானை சோற்றுக்கு...

பெரியப்பா: சோற்றுக்குச் சரி. பேப்பரை அப்படித் திருத்தினால் உன் அப்பன் ஸ்டேட் ரேங்க் வாங்கியிருப்பான். முதல் பக்கம் மட்டும் முத்து முத்தாக எழுதுவான். அது போகட்டும், பையன் எப்படி?

கார்த்தி: சுடுவதுதான் பிரமாதம். இத்தனை வருஷம் ஆகியும் சுடுவதில் அடித்துக்கொள்ள ஆளில்லை.

பெரியப்பா: சுட்டு எழுதியதற்கா எட்டு மார்க்? பிட்டா, பக்கத்துப் பையன் பேப்பரா?

கார்த்தி: துப்பாக்கி பெரியப்பா. இரண்டுதான் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது வேண்டுமென்றால் கையில் இருப்பதில் ஒன்றைக் கீழே போடணும்.

பெரியப்பா: பரீட்சை ஹாலுக்குள்ளா! சூப்பர்வைசர் என்ன பண்ணிக்கொண்டிருந்தார்? பையன் பெயர் என்ன?

கார்த்தி: ஹேலோ.

பெரியப்பா: ஹலோ இருக்கட்டும், பெயரைச் சொல்.

கார்த்தி: பெயரே ஹேலோதான். 2001 நவம்பரில் வந்தது.

பெரியப்பா: 2001-ல் பிறந்தவனா இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறான்? அத்தனை அரியரா?

(கார்த்தி எழுந்து டி.வி.யைக் காட்டினான். திரையில் பச்சைக் கவசம் போட்ட ஒருவனின் கையும் துப்பாக்கியும் மட்டும் தெரிந்தன. பெரியப்பா இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தார்.)

பெரியப்பா: விளையாட்டா? இதற்கு மார்க் போடச் சொல்லி உனக்கு யார் ஆர்டர் கொடுத்தது?

கார்த்தி: நானேதான். சேனல் வைத்திருக்கிறேன் அல்லவா? பழைய கேம், புது கேம் எல்லாவற்றுக்கும் ரிவ்யூ.

பெரியப்பா: போன வாரம் எவ்வளவு போட்டாய்?

கார்த்தி: எட்டு. அதற்கு முந்தின வாரம் ஏழு. அதற்கு முன்னால் ஏழரை.

பெரியப்பா: ஏழரை யாருக்கு, விளையாட்டுக்கா, வாங்கியவனுக்கா? சரி, மூன்று, நாலு எல்லாம் எதற்கு வைத்திருக்கிறாய்? அலங்காரத்துக்கா?

கார்த்தி: புது கேமுக்கு அஞ்சுக்குக் கீழே போட்டால், அடுத்த தடவை ரிலீசுக்கு முன்னால் கம்பெனியிலிருந்து ரிவ்யூ காப்பி வராது பெரியப்பா.

பெரியப்பா: நாங்கள் திருத்துகிற பேப்பரில் பையனுடைய பெயர்கூட இருக்காது. டம்மி நம்பர்தான். உனக்குப் பையனே பேப்பரைக் கையில் கொண்டுவந்து கொடுத்து, டீயும் வாங்கித் தந்து, மார்க் போடுகிறவரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

கார்த்தி: இது பழைய கேம். இதற்கு யாரும் எனக்குக் காப்பி தரவில்லை.

பெரியப்பா: அப்போ இதற்காவது தைரியமாகப் போடேன்.

கார்த்தி: எட்டுக்குக் குறைந்தால் ரசிகர்கள் கமென்டில் வந்து கிழித்துவிடுவார்கள்.

பெரியப்பா: ஓஹோ. அவர்கள் சொல்வதை நீ எழுதிக்கொள்கிறாய். இதற்குப் பெயர் டிக்டேஷன். ரிவ்யூவில் என்ன எழுதியிருக்கிறாய், வாசி.

கார்த்தி: "1999-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் காட்டியபோது இது மேக் கம்ப்யூட்டருக்கு வருவதாக இருந்தது. 2000-ல் மைக்ரோசாஃப்ட், இதைச் செய்துகொண்டிருந்த பங்கி கம்பெனியையே வாங்கி, தன் கேம் மெஷினான எக்ஸ்பாக்ஸுக்குக் கொண்டுபோய்விட்டது. மேக்குக்கு 2003-ல்தான் வந்தது..."

பெரியப்பா: பெண் பார்த்தவன் ஒருவன், தாலி கட்டியவன் வேறொருவன். சுவையான கதைதான், ஆனால் சிலபஸில் இல்லை. அடுத்து?

கார்த்தி: "கிராபிக்ஸ் அந்தக் காலத்துக்கு ஓகே. கதை சுமார். கன்ட்ரோல் வெண்ணெய்."

பெரியப்பா: வெண்ணெய் என்றால்?

கார்த்தி: அதாவது, கிரெனேடு எறிவதற்குத் தனி பட்டன். துப்பாக்கியை மாற்ற வேண்டாம், சுட்டுக்கொண்டே இருக்கும்போது இடது கை விரலால் ஒரு அழுத்து, அவ்வளவுதான். அப்புறம் அடிபட்டால் ஷீல்டு குறையும். ஒரு பாறைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றால் தானாக ஏறிவிடும். அதனால் எந்தச் சண்டையிலும், இப்போது ஓடுவதா, நின்று அடிப்பதா என்று யோசித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

பெரியப்பா: இதை எழுதினாயா?

கார்த்தி: இல்லை. வெண்ணெய் என்று எழுதிவிட்டேன்.

பெரியப்பா: மடையா, ஸ்டெப்புக்குத்தானே மார்க்! வெறும் ஆன்சர் எழுதினால் இரண்டு மார்க் கேள்வியில் அரை மார்க்தான். சரி, இந்தக் கதை எங்கே நடக்கிறது?

கார்த்தி: விண்வெளியில் மிதக்கிற ஒரு வளையத்தில். விட்டம் 10,000 கிலோமீட்டர். வளையத்தின் உள்பக்கத்தில் மலை, கடல் எல்லாம் இருக்கும்.

(பெரியப்பா கரண்டு பில்லைத் திருப்பிப் போட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பேனா சிவப்பு.)

பெரியப்பா: உள்பக்கம் நிற்கிறவனுக்குக் கால் தரையில் பதியணும் என்றால் வளையம் சுற்றணும். ஆரம் 5,000. நம் ஊர் எடையே வேண்டுமென்றால் விளிம்பு வினாடிக்கு 7 கிலோமீட்டர் ஓடணும். ஒரு சுற்றுக்கு 75 நிமிஷம். சூரியன் சரியான பக்கத்தில் இருந்தால், எழுந்து பல் தேய்த்துக் காபி குடிப்பதற்குள் இருட்டிவிடும். இதைப் பற்றி ரிவ்யூவில் என்ன சொல்லியிருக்கிறாய்?

கார்த்தி: கிராபிக்ஸ் ஓகே என்று.

பெரியப்பா: நீ விளையாடு. நான் திருத்துகிறேன்.

கார்த்தி: ஒன்பது மணிக்கு வீடியோ போடணும்!

பெரியப்பா: மீதி ஏழு?

(நாலாவது லெவல். விமானம் கடற்கரையில் இறக்கிவிட்டது. ஜீப் ஒன்று வந்து இறங்கியது. தீவை இடப்பக்கமாகச் சுற்றுவதா, வலப்பக்கமாகவா என்று யாரும் சொல்லவில்லை.)

பெரியப்பா: எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாமா?

கார்த்தி: ஆமாம் போலிருக்கிறது. பெரியப்பா, இது செமையாக இருக்கிறதே!

பெரியப்பா: அந்தப் பெரியவன் விழுந்ததும் குட்டிப் பசங்கள் எல்லாம் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள், பார். ஹெச்.எம். லீவு போட்ட அன்றைக்கு எங்கள் ஸ்டாஃப் ரூம் இப்படித்தான் இருக்கும். இது சொந்தமாக எழுதிய விடை. நாலாவது கேள்விக்கு முழு மார்க். இந்தப் பக்கத்தைத் திருப்பாமலே எட்டு போட இருந்தாய்.

கார்த்தி: எப்படியும் நல்ல மார்க்தானே போட இருந்தேன்?

பெரியப்பா: குருட்டாம்போக்கில் சரியான விடைக்கு டிக் அடித்தவனும் இதைத்தான் சொல்வான். ஓட்டு, ஜீப்பை ஓட்டு. மரத்தில் மோதாதே.

(மணி ஒன்றரை. ஏழாவது லெவல். பந்து மாதிரி ஒன்று ஹம்மிங் போட்டுக்கொண்டு முன்னால் பறக்கிறது. நாலா பக்கமும் அருவருப்பான ஜந்துக்கள்.)

பெரியப்பா: நில். இங்கே இப்போதுதானே வந்தோம்?

கார்த்தி: அது கீழ் மாடி. இது மேல் மாடி.

பெரியப்பா: அதே கதவு, அதே தூண், அதே கூட்டம். லைப்ரரி என்று பெயர், உட்காரப் பெஞ்சுகூட இல்லை. எனக்குத் தெரியும்டா இந்த வித்தை. நேரம் இருக்கிறது, விஷயம் இல்லை. அதனால் எழுதியதையே திரும்ப எழுதி அடிஷனல் ஷீட் வாங்கிக் கட்டுவான். நூல் கட்டுகிற அழகைப் பார்த்து மார்க் போடுவோம் என்று நினைப்பு.

கார்த்தி: இன்னும் ஒரு மாடி வருகிறது.

பெரியப்பா: வரும், வரும். அடிஷனல் ஷீட்டுக்கா பஞ்சம்?

(எட்டாவது லெவல். பனி. பாலம்.)

பெரியப்பா: ஏண்டா, இது ஐந்தாவது கேள்வி இல்லையா?

கார்த்தி: அதே இடம்தான் பெரியப்பா. அப்போது உள்ளே போனோம். இப்போது வெளியே வருகிறோம்.

பெரியப்பா: ஐந்தாவது விடையைக் கடைசி வரியிலிருந்து ஆரம்பித்து எழுதியிருக்கிறான்! இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒருவன் என் கையில் சிக்கியதே இல்லை. நடுவில் எதிரிகள் இரண்டு கட்சியாகி அவர்களுக்குள்ளேயே அடித்துக்கொள்கிறார்கள், அதனால் பாதி தேறும். சுழித்துப் போடு.

கார்த்தி: எல்லாம் எழுதிக்கொண்டேன். மணி மூன்றேகால். வீடியோவுக்காகக் காத்திருந்தவன் எல்லாம் திட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டான். ஏழு என்று போட்டு முடித்துவிடவா பெரியப்பா?

பெரியப்பா: மீதி இரண்டு?