டெசிமல் எண்ணுக்கு வர்க்கமூலமும் டெசிமலாகவே வர வேண்டும்

தரவுத்தளத்தில் ஓர் எண்ணை டெசிமல் (தசம இலக்கங்களை அப்படியே காக்கும் எண் வகை) என்று அறிவிப்பவர், தமக்கு இத்தனை இலக்கங்கள் வேண்டும், அவற்றில் ஒன்றும் பிசகக்கூடாது என்று எழுதிக் கேட்கிறார். கூட்டல், கழித்தலில் அந்த வாக்குக் காப்பாற்றப்படுகிறது. வர்க்கமூலம் என்று வந்ததும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் அந்த எண்ணை டபுளாக்கி, அதாவது தோராயமாகச் சேமிக்கும் இரும எண் வகைக்கு மாற்றி, விடை தருகிறது. எஸ்கியூஎல் சர்வர் என்ற இன்னொரு மென்பொருள் ஃப்ளோட்டாக்குகிறது; பெயர் வேறு, வகை அதேதான். எச்சரிக்கை எதுவும் வருவதில்லை. இதை நான் தவறு என்றே கருதுகிறேன்.

9999999999-இன் வர்க்கம் 99999999980000000001. அதனுடன் ஒன்றைக் கூட்டுங்கள். டெசிமலில் இவை இரண்டும் வெவ்வேறு எண்கள். ஆனால் டபுளில் எண்ணின் இலக்கங்களுக்கென 53 பிட்டுகளே (இரும இலக்கங்கள்) உள்ளதால், இந்த அளவில் அடுத்தடுத்த இரண்டு டபுள் எண்களுக்கு இடையே 16384 இடைவெளி விழுகிறது. ஆகவே இரண்டும் ஒரே டபுளாகி, இரண்டின் வர்க்கமூலமும் 9999999999 என்றே வருகிறது. முழு வர்க்கமா என்று சோதிப்பவருக்கு இரண்டாம் எண்ணுக்கும் ‘ஆம்’ என்ற பொய்யான பதில் கிடைக்கும்.

டெசிமல் என்ற வகையை மட்டும் காப்பாற்றினாலும் போதாது. எஸ்கியூஎல் சர்வரில் அடுக்கைக் கணக்கிடும் பவர் செயற்கூறு, முதல் எண்ணில் எத்தனை தசம இடங்களோ அத்தனையே விடைக்கும் தருவதால், 1.1-இன் வர்க்கம் 1.21 என்று வராமல் 1.2 என்று வருகிறது. ஒரு கூட்டுவட்டிக் கணக்கில் இதனிடம் சிக்கி, சூத்திரத்தில் பிழை தேடியே ஒரு நாள் முழுவதையும் கழித்திருக்கிறேன். 1.1 என்பதை 1.1000000000 என்று எழுதியதும் விடை சரியாகிவிட்டது.

இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண், அதை எந்த வகையாலும் துல்லியமாகச் சொல்ல முடியாது என்பார்கள். உண்மைதான். நான் கேட்பது முடிவில்லா இலக்கங்களை அல்ல. அறிவித்த தசம இடம் வரை சரியாக முழுமையாக்கிய விடையை. வர்க்கமூலத்துக்கு இது முழு எண் கணக்கிலேயே முடிந்துவிடும். மடக்கைக்கும் அடுக்குக்குறிக்கும் எத்தனை இலக்கங்கள் கூடுதலாகக் கணக்கிட்டால் கடைசி இலக்கம் உறுதியாகும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம் என்பதால், அங்கே சிறிய பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் எல்லையை எழுதி வைக்க வேண்டும். ஆரக்கிள் தரவுத்தளத்தின் ஆவணம் அப்படித்தான் செய்கிறது: இயல் மடக்கை, சைன் முதலியவற்றுக்கு 36 இலக்கங்கள், தலைகீழ் சைன் முதலியவற்றுக்கு 30.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் நியூமெரிக் (டெசிமலுக்கு அங்குள்ள பெயர்) எண்ணுக்கு நியூமெரிக் வர்க்கமூலமே தருகிறது; உள்ளீட்டில் உள்ள தசம இடங்களைவிட விடையில் குறைவதில்லை. இருந்தும் 2.0 என்று எழுதினால்தான் நியூமெரிக். வெறும் 2 என்று எழுதினால் விடை டபுளாகிவிடும். சைன், கொசைன் ஆகியவை அங்கும் டபுள் மட்டுமே.

டபுள் வேகமானது என்ற வாதத்தை மறுக்கவில்லை. வேகம் வேண்டுபவர் தம் வினவலில் டபுளாக மாற்றும்படி ஒரு சொல் எழுதட்டும். இலக்கங்கள் எந்த இடத்தில் கைவிடப்பட்டன என்பது, பிறகு அதைப் படிப்பவருக்கும் தெரியும்.