முடக்குவாதக் குளிசையை நிறுத்தினால் எலும்பு தேறுமா?

“கிளினிக்கில் தரும் முடக்குவாதக் குளிசைதான் எலும்பை உருக்குகிறது, அதை விட்டுவிட்டுக் குரக்கனும் கல்சியமும் எடுங்கள்” என்றொரு குரல்பதிவு வன்னியில் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

எலும்பை முதலில் அரிப்பது நோயே. மூட்டுச் சவ்வில் உண்டாகும் அழற்சி, எலும்பைக் கரைக்கும் கலங்களைத் தூண்டிவிடுகிறது. முடக்குவாதத்துக்குத் தரும் மெதோட்ரெக்சேட் குளிசை அந்த அழற்சியை அடக்கி அரிப்பை மெதுவாக்கும். அது கிழமைக்கு ஒரு நாள் மட்டும். தினமும் விழுங்கினால் குருதிக் கலங்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து.

பதிவில் பாதி உண்மை ஒன்று உண்டு: பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை. நாளுக்கு 2.5 மில்லிகிராமோ அதற்கு மேலோ 3 மாதம் தாண்டி எடுத்தால் எலும்பு மெலியும், முறிவு ஆபத்துக் கூடும். அதற்காகத் திடீரென நிறுத்தக்கூடாது. உடல் தானாகக் கோர்ட்டிசோல் என்ற இயற்கை ஸ்டீரொயிட்டைச் சுரப்பது குறைந்திருக்கும். குருதியமுக்கம் இறங்கி மயங்கி விழலாம். வைத்தியர்தான் படிப்படியாகக் குறைக்கவேண்டும். பெயரில்லாத வாதப் பொடி இரண்டே நாளில் வலியை எடுத்தால் சந்தேகப்படுங்கள், ஸ்டீரொயிட் கலந்திருக்கக்கூடும்.

குரக்கன் நல்லதுதான்: 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம். நெத்தலியை முள்ளோடு தின்னலாம். நாளுக்குத் தேவையான கல்சியம் 1000 முதல் 1200 மில்லிகிராம். ஆனால் கல்சியம் அழற்சியை அணைக்காது. அடுத்த கிளினிக்கில் எலும்படர்த்திப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.