வாடகை வீட்டுக்கும் இந்த உதவி உண்டு

குறைந்த வருமானக் குடும்பங்களின் வீடுகளில் குளிர் புகும் இடைவெளிகளை அடைத்து, இன்சுலேஷன் (வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் அடுக்கு) போட்டுத் தரும் அமெரிக்க அரசின் 'வெதரைசேஷன் அசிஸ்டன்ஸ் புரோகிராம்' என்ற திட்டம் சொந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. வருமான வரம்புக்குள் இருந்தால் வாடகைக்கு இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். வீட்டு உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். இந்த வேலையால் வீட்டின் மதிப்பு கூடிவிட்டது என்று சொல்லி அவர் உடனே வாடகையை ஏற்றவும் கூடாது. கேட்கத் தயங்குபவர்களுக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும்.

நீங்களே சரிபார்க்கலாம்: அமெரிக்கக் கூட்டாட்சி விதித்தொகுப்பின் (Code of Federal Regulations) 10ஆம் தலைப்பில் 440.22ஆம் பிரிவைப் படியுங்கள், உரிமையாளர் அனுமதி, வாடகை ஏற்றம் இரண்டையும் பற்றிய விதிகள் அதில் இருக்கின்றன. அமெரிக்க எரிசக்தித் துறையின் இணையதளத்தில் திட்டத்தின் பெயரைத் தேடினால் எளிய விளக்கம் கிடைக்கும். அப்புறம், விண்ணப்பத்தை உங்கள் மாநிலத்தில் இதை நடத்தும் அலுவலகத்தில்தான் கொடுக்க வேண்டும்.