பெயின்ற் பிறகு, பிரேக் முதலில்

கிழக்கிலங்கையில் பழைய கார் வைத்திருக்கிற அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் இது. நீளமான பதிவுதான். மொறிஸ் மைனர், ஒஸ்டின், பீற்றில் என்று ஏதாவது ஒன்று உங்கள் வளவில் நிற்குமென்றால் முழுக்க வாசியுங்கள்.

எங்கள் பக்கத்துப் பழைய கார்க் கழகங்களில் காசும் நேரமும் போகிற வரிசை பிழை. முதலில் டிங்கரிங், பிறகு பெயின்ற், பிறகு குரோம், பிறகு சீற்றுக்கு றெக்சின். எல்லாம் முடிந்ததும் கல்லடிப் பாலத்தடியில் வரிசையாக நிறுத்திப் படம். அவ்வளவு செலவழித்த காரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டரை (பெடலை அழுத்தும்போது பிரேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளுகிற உருளை) மட்டும் யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். இந்த வரிசை மாற வேண்டும். பிரேக், துரு, தண்ணீர், வயரிங், எல்லாவற்றுக்கும் கடைசியில் பெயின்ற்.

மைனரை வைத்தே விளக்குகிறேன். 1948 முதல் 1971 வரை உற்பத்தியான கார் அது. 1956 இல் 948 சீசீ எஞ்சின், 1962 இல் 1098 சீசீ எஞ்சின் வந்தது. இந்தக் காரைப் புரிந்துகொண்டால் மற்றப் பழைய கார்கள் பாதி புரிந்த மாதிரி.

மைனரின் மாஸ்டர் சிலிண்டர் பொனற்றுக்குள் இல்லை. சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. கார்ப்பெற்றைத் தூக்கி, தரையிலுள்ள மூடியைக் கழற்றினால்தான் பிரேக் ஒயில் எவ்வளவு நிற்கிறது என்று தெரியும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் வருடக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. பிரேக் ஒயிலோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டொட் 3 என்கிற தரத்துப் புது ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்கும். ஈரம் ஏறிவிட்டால் அது 140 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 4 என்றால் 230, ஈரமேறினால் 155. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று சமதரையில் ஓடும்வரை இந்த வித்தியாசம் தெரியாது. செங்கலடியால் திரும்பி மகாஓயா, பிபிலை, லுணுகலை என்று பதுளைக்கு ஏறி, அதே வழியால் இறங்கும்போதுதான் தெரியும். சில்லிலுள்ள பிரேக் டிரம் சூடேறி, ஒயிலுக்குள் இருக்கிற ஈரம் ஆவியாகி, பெடல் தரைவரை போகும். மைனருக்கு ஒரே ஒரு ஒயில் சுற்றுத்தான். போனால் நாலு சில்லும் ஒன்றாகப் போகும், மிஞ்சுவது ஹான்ட் பிரேக் மட்டும். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒயிலை முழுதாக மாற்றுங்கள். ஒரு லீற்றர் வாங்கினால் பழையதைத் தள்ளி வெளியேற்றவும் புதிதாக நிரப்பவும் போதும். பைப்புக்குள் மாட்டிய காற்றை எடுப்பது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்திலுள்ள சில்லில் தொடங்க வேண்டும். எங்கள் வலப்பக்க ஸ்டியரிங் காருக்கு அது இடது பின் சில்லு.

கராஜ்களில் மண்ணெண்ணெயால் பிரேக் சிலிண்டரைக் கழுவுகிற பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். மண்ணெண்ணெய், பெற்றோல், எஞ்சின் ஒயில், கிறீஸ் எதுவும் அந்த றப்பருக்கு ஆகாது. ஊதிப் பருத்து சிலிண்டருக்குள் இறுகும், பிரேக் பிடித்தபடியே நிற்கும், பிறகு கிழியும். கழுவுவதற்கு மெதிலேற்றட் ஸ்பிரிட் அல்லது புதுப் பிரேக் ஒயில் மட்டும்தான்.

சிலிண்டரின் உட்சுவரில் துருக் குழி விழுந்திருந்தால் புது றப்பர் போட்டும் பயனில்லை, ஒரு மாதத்தில் திரும்ப ஒழுகும். நல்ல லேத் பட்டறையில் கொடுத்து உள்ளே ஸ்டெயின்லெஸ் குழாய் இறுக்கி, பழைய அளவுக்கே கடைந்து எடுக்கலாம். இரும்புப் பிரேக் பைப் உப்புக் காற்றில் வெளியிலிருந்து அரிக்கும். குப்ரோ நிக்கல் பைப், 3/16 அங்குலம், அதுதான் இந்தக் கரைக்குச் சரி. வெறும் செம்புக் குழாய் வளைக்க லேசு என்று போடுகிறார்கள், அது அதிர்வில் களைத்து வெடிக்கும்.

முன்னுக்கு இரண்டும் பின்னுக்கு ஒன்றுமாக மூன்று றப்பர் ஹோஸ் இருக்கிறது. வெளியே பார்க்கப் புதிது மாதிரியே இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பெடலை அழுத்தினால் ஒயில் போகும், விட்டால் திரும்பாது. கொஞ்சத் தூரம் ஓடி நிறுத்தி ஒரு முன் சில்லின் டிரம் மட்டும் கை வைக்க முடியாமல் சுடுகிறதென்றால் முதலில் அந்த ஹோஸைச் சந்தேகியுங்கள். சில்லுச் சிலிண்டரைக் குறை சொல்லி மாற்றிக் காசை வீணாக்க வேண்டாம்.

அட்ஜஸ்ட் செய்வது சுலபம். முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர், அதனால் இரண்டு அட்ஜஸ்டர். பின்னுக்கு ஒவ்வொன்றுதான். சில்லை ஜக்கில் தூக்கி, டிரம்மிலுள்ள துளையால் ஸ்குரூ டிரைவரை விட்டு, சில்லு இறுகும்வரை திருப்பி, பிறகு ஒரு பல் பின்னுக்கு விடுங்கள். பலர் முன் சில்லில் ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். பெடல் ஆழமாகப் போவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

பிரேக்குக்கு அடுத்தது முன் சில்லைத் தாங்குகிற திரனியன். மரை வெட்டிய துண்டு ஒன்று இன்னொன்றுக்குள் திரும்புகிற அமைப்பு அது. 1,000 மைலுக்கு ஒரு தடவை கிறீஸ் போக வேண்டும். போகாவிட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது சில்லு அப்படியே மடிந்து விழும். சில்லு நிலத்தில் நிற்கும்போது கிறீஸ் கண்ணால் அடித்தால் கிறீஸ் பாரம் தாங்குகிற பக்கத்துக்குப் போகாது, ஜக்கில் தூக்கிவிட்டு அடியுங்கள். அப்போதே சில்லின் மேலையும் கீழையும் பிடித்து ஆட்டியும் பார்த்துவிடலாம்.

இனி உப்பு. கல்லடியிலிருந்து தெற்கே போகிற பாதைக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. மழை காரின் மேல்பக்கத்தைக் கழுவும். மட்கார்ட்டின் உள்பக்கத்தையும் கதவுக்குக் கீழுள்ள சில்லையும் கழுவாது (ஓடுகிற சில்லு அல்ல, பொடியின் அடிப்பெட்டி). உப்பு அங்கேதான் படிகிறது. மைனருக்குத் தனியான செசி கிடையாது, பொடியேதான் செசி. அடிப்பெட்டி உக்கினால் காரின் முதுகெலும்பு உக்கிய மாதிரி. சோதிக்க ஒரு வழி: கதவை மூடிவிட்டு ஜக் வைக்கிற இடத்தில் தூக்குங்கள். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மாறினால், அல்லது கதவு இறுகினால், அடிப்பெட்டி போய்விட்டது. பின் ஸ்பிரிங்கின் முன் முனை பொருந்துகிற இடத்தையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள்.

துருவுக்கு மேலே பட்டி பூசிப் பெயின்ற் அடித்தால் இரண்டு மாரியில் கொப்புளம் கிளம்பும். அதைவிட மோசம் தார் மாதிரியான அண்டர்சீல். துருவைச் சுரண்டாமல் அதைப் பூசினால் ஈரம் உள்ளே மாட்டி, வெளியே தெரியாமலே தகடு மாவாகும். சரியான வேலை என்றால் உக்கினதை வெட்டி எடுத்து, அடிப்பெட்டிக்கு 18 கேஜ் தகடு, வெளித் தகடுகளுக்கு 20 கேஜ் தகடு வைத்து ஒட்ட வேண்டும். அடிப்பெட்டியை வெட்டுவதற்கு முதல் கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு இரும்புப் பைப்பைத் தற்காலிகமாக ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கார் நடுவில் தொய்யும். புது அடிப்பெட்டி ஒட்டி முடிந்த பிறகு கதவு மூடாது, அதை நிமிர்த்த வழியும் இல்லை.

வேலை முடிந்ததும் அடிப்பெட்டிக்குள் எண்ணெய் போக வேண்டும். புது எஞ்சின் ஒயிலில் கொஞ்சம் கிறீஸைக் கரைத்து, சிறிய றப்பர் குழாயால் விசிறினால் போதும். கழித்த ஒயில் வேண்டாம், அதில் அமிலம் இருக்கிறது. கீழே இருக்கிற வடிதுளைகளை அடைக்காதீர்கள். கடற்கரைப் பாதையில் ஓடிவிட்டு வந்தால் அன்றே நல்லதண்ணியால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவுவது உப்பை இன்னொரு தரம் பூசுவதுதான்.

அதே உவர்த்தண்ணீர் றேடியேற்றருக்குள் போவதையும் பார்க்கிறேன். உள்ளே காரை படிந்து, கச்சான் காற்றுக் காலத்தில் கார் கொதிக்கும். மைனரின் முழுக் கொள்ளளவு சுமார் 5½ லீற்றர்தான். டிஸ்ரில்ட் வாட்டரும் கூலன்றும் ஊற்ற ஒரு பெரிய செலவும் இல்லை. எங்கள் வெக்கைக்குத் தேவையில்லை என்று தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்தவர்கள், அந்த இடத்தில் பைபாஸ் துளையை மறைக்கும் வளையம் போட்டீர்களா? போடாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு றேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். கழற்றிய பிறகும் ஏன் கொதிக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பல தடவை இதுதான் பதில்.

கார் நிற்பதால் வருகிற கேடு தனி. வாரம் ஒரு முறை ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிடம் விடுவது நல்லது என்று நினைக்கிறார்கள். அது கெடுதல். எஞ்சின் ஒயில் முழுதாகச் சூடேறாது, எரிகையில் வருகிற நீராவி சம்பிலும் (எஞ்சினுக்கு அடியில் ஒயில் தங்குகிற தொட்டி) சைலன்சரிலும் தண்ணீராகத் தங்கும். மாதம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 20 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓட்டுங்கள். ஓட்ட வழியில்லையென்றால் ஸ்டார்ட் பண்ணாமலே விடுங்கள். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் மாதக்கணக்காக நின்ற கார்களின் காபிரேற்றருக்குள் பெற்றோல் வற்றிப் பிசினானதை மறந்திருக்க மாட்டீர்கள். நீண்ட நாள் நிறுத்துவதானால் டாங்கை நிரப்பிவிட்டு, மிதவைக் கிண்ணத்தை மட்டும் வெறுமையாக்குங்கள். பாதி டாங்கின் மேற்பாதி துருப்பிடிக்கும்.

நிறுத்துகிற இடம் பக்கம் திறந்த கொட்டிலாக இருக்கட்டும். மணல் தரையென்றால் பொலித்தீன் விரித்து மேலே பலகை போடுங்கள். பிளாஸ்ரிக் தறப்பாளால் மூடிக் கட்டாதீர்கள், உள்ளே வியர்க்கும்.

மாரி வெள்ளம் வந்தால் (2011 ஜனவரியை நினைத்துப் பாருங்கள்) முதலில் பற்றறி வயரைக் கழற்றிவிட்டுக் காரைக் கற்களில் ஏற்றுங்கள். வெள்ளம் அக்சிலைத் தொட்டிருந்தால் வடிந்ததும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம். டிஃபரன்சல், கியர் பொக்ஸ், சம்ப் மூன்றின் ஒயிலையும் இறக்கிப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. டிஃபரன்சலுக்குச் சுமார் 0.85 லீற்றர் 90 ஒயில், கியர் பொக்ஸுக்கு 1.3 லீற்றர் எஞ்சின் ஒயில், சம்புக்கு பில்டரோடு சேர்த்து ஏறக்குறைய 3.7 லீற்றர். டிரம்களைத் திறந்து காய வைக்காமல் விட்டால் பிரேக் சூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

வயரிங்கில் ஒரே ஒரு விடயம். மைனர் மாதிரியான பழைய பிரித்தானியக் கார்களில் பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் பொடிக்குப் போகிறது. பற்றறிக் கடையில் இன்றைய கார் மாதிரி மாற்றிக் கொழுவிவிடுவார்கள். டைனமோ சார்ஜ் ஆகாது, றேடியோவும் எலெக்ரோனிக் இக்னிஷனும் எரியும். பொனற்றின் உள்பக்கத்தில் வெள்ளைப் பெயின்றால் பெரிதாக எழுதி வையுங்கள்.

புகைப் பரிசோதனைக்கு முதல் மைனருக்கு டிஸ்ரிபியூற்றர்ப் பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025, குளிர்ந்த எஞ்சினில் வால்வு ரப்பெற் 0.012 என்று சரிபாருங்கள். பிறகு கொஞ்சத் தூரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, எஸ்.யூ. காபிரேற்றரின் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே இருந்தால் பெற்றோல் அதிகம், எஞ்சின் நின்றுபோனால் குறைவு, ஒரு கணம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. சரிசெய்ய, காபிரேற்றரின் கீழேயுள்ள நட்டை ஒரு தடவைக்கு ஒரு முகம் மட்டும் திருப்புங்கள்.

கழகத்துக்கு நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அங்குல ஸ்பனர் செற் ஒன்று பொதுவில் வாங்குங்கள். 7/16 அங்குலம் என்பது 11.1 மில்லிமீற்றர். 11 ஸ்பனர் போகாது, 12 போட்டால் நட்டின் மூலை உருளும். எங்கள் கார்களில் உருண்ட நட்டுகள் எல்லாம் இப்படி உருண்டவைதான். மைனர்ச் சாமான்கள் இப்போதும் பிரித்தானியாவில் செய்கிறார்கள். தனித்தனியே கொண்டுவருவதைவிட ஆறு பேர் சேர்ந்து ஒரு பெட்டியாக எடுத்தால் அனுப்புகிற செலவு குறையும். மொறிஸ் ஒக்ஸ்போர்ட்காரர் இந்தியாப் பக்கம் பாருங்கள். அம்பாசடர் அதன் வழி வந்த கார், 2014 வரை செய்தார்கள். உதிரிப்பாகம் வாங்கக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய துண்டைக் கையோடு கொண்டுபோங்கள், பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் காஸ் வெல்டிங் கையும் காபிரேற்றர்க் காதும் உள்ள வயதான மெக்கானிக் பாஸ்மார் சிலர் இன்னும் இருக்கிறார்கள். பெயின்ற்றுக்கு இலட்சக்கணக்கில் கொடுப்பவர்கள் அவர்களிடம் கூலி பேரம் பேசுவது எனக்கு மிகவும் மனவருத்தம். கேட்டதைக் கொடுங்கள். வேலை நடக்கும்போது ஒரு இளம் பொடியனையும் பக்கத்தில் நிறுத்துங்கள்.

அடுத்த ஊர்வலத்துக்கு முதல் காய்ந்த சமதரையில் ஒவ்வொரு காரையும் மணிக்கு 48 கிலோமீற்றரில் ஓட்டிப் பிரேக் பிடியுங்கள். நல்ல பிரேக் என்றால் பெடலை அழுத்தியதிலிருந்து 14 மீற்றருக்குள், ஒரு பக்கம் இழுக்காமல் நிற்க வேண்டும். நிற்காத கார் அன்று வீட்டில் இருக்கட்டும், அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், கழகத் தலைவருடையதாக இருந்தாலும்.