லோக்கல்டேட்டைமில் உள்ள ‘லோக்கல்’ சர்வரின் ஊரைக் குறிக்காது

ஜாவா நிரல்மொழியில் தேதியையும் நேரத்தையும் வைத்திருக்கும் லோக்கல்டேட்டைம் (LocalDateTime), சர்வரின் நேர மண்டலத்தைச் சேர்த்தே வைத்திருக்கும் என்று நினைப்பது தவறு. அதில் மண்டலமே கிடையாது. சுவர்க் கடிகாரமும் நாள்காட்டியும் காட்டுவது மட்டும்தான் இருக்கும். இப்போதைய நேரத்தைத் தரும் ‘நவ்’ (now) செயல்பாட்டை அழைக்கும்போது கணினியின் மண்டலத்தை ஒருமுறை பார்த்து நேரத்தைக் கணக்கிட்டு, மண்டலத்தை விட்டுவிடும். யுடிசி (உலகப் பொது நேரம்) மண்டலத்தில் இயங்கும் சர்வரில் 04:30 என்று பதிவாகும் அதே கணம் சென்னை மடிக்கணினியில் 10:00. கழித்துப் பார்த்தால் ஐந்தரை மணி நேர வித்தியாசம், ஒரு பிழைச் செய்தியும் வராது. அதுதான் ஆபத்து.

நடந்து முடிந்ததைப் பதிய இன்ஸ்டன்ட் (Instant, எல்லா ஊருக்கும் பொதுவான ஒரே கணத்தைக் குறிக்கும் ஜாவா வகை) போதும். திரையில் காட்டும்போது ஏசியா/கொல்கத்தா என்ற இந்திய நேர மண்டலத்துக்கு மாற்றுங்கள். வருங்காலச் சந்திப்பு என்றால் லோக்கல்டேட்டைமோடு நேர மண்டலத்தின் பெயரான ஜோன்ஐடியையும் (ZoneId) சேமியுங்கள். கோடையில் கடிகாரத்தை முன்தள்ளும் கோடைகால நேர விதியை, சந்திப்பு நடக்கும் நாடு இடையில் மாற்றினாலும் காலை 9 மணி அங்கே 9 மணியாகவே இருக்கும்.